மருத்துவப் பணியாளரின் பேரதிர்ச்சி மன உளைச்சல்: மதிப்பீடு

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், மருத்துவர்கள் பேச்சில் பிடிஎஸ்டி, சாவையோ கொடுங்காயத்தையோ பாலியல் வன்முறையையோ எதிர்கொண்டவர்களிடம் ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கும் மனநலக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, வேலையின் பொருட்டுக் கோரங்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பவர்களையும் வெளிப்படையாகக் கணக்கில் கொண்டது.

சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படிப்பட்டவர்கள் கணிசம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் இறங்கி, சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுக் கரூருக்குப் போகிறது. தொப்பூர் இறக்கம் லாரி விபத்துகளுக்குப் பேர்போனது. அடிபட்டவரைத் தூக்கி ஏற்றும் 108 ஊழியர், காஷுவாலிட்டியில் நிற்கும் பயிற்சி மருத்துவர், நைட் டூட்டி ஸ்டாஃப் நர்ஸ், இரத்தத்தைக் கழுவிவிடும் தூய்மைப் பணியாளர், பிணவறை உதவியாளர் என்று ஒரே விபத்து பல கைகளைக் கடந்து போகிறது. இவர்களில் கடைசி இருவரை ஆய்வுகள் எளிதில் மறந்துவிடுகின்றன. கணினியில் நிரப்பும் படிவம் அவர்கள் கைக்கு வருவதே இல்லை.

கொரோனா இதன் மேல் இன்னொரு சுமையை ஏற்றியது. இரண்டாம் அலையின்போது, சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் அமைந்த சிகிச்சை மையம் 2021 மே 20 அன்று திறக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் வார்டு ஊழியர் இருவருடன் தாமே மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அந்தச் செய்தியைப் படித்த மருத்துவப் பணியாளர்கள், அதைத் தங்களுக்கும் நேரக்கூடிய ஒன்றாகவே படித்தார்கள்.

மதிப்பீட்டுக்குப் பரவலாகப் பயன்படுவது பிசிஎல்-5 என்னும் வினாப்பட்டியல். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. முதல் ஐந்தும் வேண்டாத நினைவும் கெட்ட கனவும் பற்றியவை. அடுத்த இரண்டும் தவிர்த்தல். அதற்கடுத்த ஏழும் குற்ற உணர்வு, மரத்துப்போதல் போன்ற மாற்றங்கள். கடைசி ஆறும் எரிச்சல், திடுக்கிடல், தூக்கமின்மை. 31 முதல் 33 வரையான மதிப்பெண்ணை எட்டினால் விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். இன்னொரு வினாப்பட்டியலான, 22 கேள்விகள் கொண்ட ஐஇஎஸ்-ஆர், 1979இல் ஹோரோவிட்ஸும் சகாக்களும் உருவாக்கிய அளவுகோலை வைஸும் மார்மரும் 1997இல் விரிவாக்கியது. நோயை உறுதி செய்ய நேர்காணலே வேண்டும். அதற்கு கேப்ஸ்-5 என்னும் நேர்காணல் முறை இருக்கிறது.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம் மாவட்ட மீனவக் கிராமம் ஒன்றின் பெரியவர்களிடம் ஹார்வர்டு வினாப்பட்டியலைக் கொண்டு நடந்த ஆய்வு, பிடிஎஸ்டி உள்ளவர்கள் 12.7 விழுக்காடு என்றது. தமிழகக் கடலோரச் சிறார்களிடம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் எட்டுக் கேள்வி அளவுகோலைக் கொண்டு செய்த ஆய்வில் கிடைத்தது 70.7. வயது வேறு என்பது உண்மைதான். ஆனால் கருவியும் வெட்டுப்புள்ளியும் மாறியதற்கும் இதில் பங்குண்டு. ஸ்பெயினில் 2020இல் 9,138 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வு 22.2 விழுக்காடு என்றபோது, அது பிசிஎல்-5இன் நான்கு கேள்விச் சுருக்கத்தைக் கொண்டு பெற்ற எண். அதைச் சேலத்துக்குத் தூக்கிவந்து ஒப்பிடுவது வீண்வேலை.

கேள்வி கேட்பவருக்கு இங்குள்ள சிக்கல் வேறு. ஐசியூ நர்ஸ் ஒருவரிடம் அந்தச் சம்பவம் மனதில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி தூக்கமே வர்றதில்ல" என்பார். படிவத்தில் முதல் ஐந்திலும் பூஜ்யம் விழும். எப்போது படபடக்கிறது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால்தான், வீட்டில் எந்தப் பீப் சத்தம் கேட்டாலும் மானிட்டர் அலாரம் என்று எழுந்து உட்கார்வதும், சம்பவம் நடந்த அந்த ஆறாம் படுக்கையும் பேச்சில் வரும். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் உடல் முறைப்பாடுகளின் வழியாகவே மனத்தின் காயம் வெளிப்படுவதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சமூகப் பணியாளர்களுக்காக அவர் தமிழில் எழுதிய 'மனவடு' 1993இல் வந்தது.

எதைப் பேரதிர்ச்சி என்று கொள்வது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. நோயால் நேரும் இயல்பான மரணத்தைப் பார்ப்பதை அமெரிக்க நோய்ப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பின் வரையறை தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரே வென்டிலேட்டர், இரண்டு நோயாளி, யாருக்கு என்று முடிவெடுத்த மருத்துவரின் குற்ற உணர்வை அறநெறிக் காயம் என்று தனியாகப் பிரிப்பவர்களும் உண்டு. வேலைச் சலிப்பை அளக்கும் மாஸ்லாக் அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெறுபவர் எல்லோரும் பிடிஎஸ்டிக்காரர் அல்லர். மாற்று ஆள் இல்லாமல் தொடர்ந்து டூட்டி பார்த்தவருக்கு முதலில் வேண்டியது விடுப்பு.

படிவம் யார் கைக்குப் போகிறது என்பது இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. நர்சிங் சூப்பிரண்டு வழியாகப் பெயருடன் திரும்பும் தாளில் தொகுப்பூதிய நர்ஸ் உண்மையை எழுதமாட்டார். 'ஒண்ணுமில்லை' என்ற பதில்தான் அவர் வேலைக்குப் பாதுகாப்பு. மதிப்பிடுபவர் அந்த மருத்துவமனைக்கு வெளியே இருந்து வருவதும், பெயருக்குப் பதில் எண் இடுவதும் இதனால்தான் முக்கியம். 2022இல் தமிழக அரசு 14416 தொலைபேசி மனநல சேவையைத் தொடங்கியது. மேலதிகாரிக்குத் தெரியாமல் பேச ஊழியருக்கு அது ஒரு வழி.

சம்பவம் நடந்த முதல் மாதத்தில் கிடைக்கும் உயர்ந்த மதிப்பெண்ணை நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. பலருக்கு அது தானாகத் தணியும். அசம்பாவிதம் நடந்த மறுநாளே எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசச் செய்யும் ஒற்றை அமர்வை உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே வேண்டாம் என்றது. தணியாதவர்களுக்கு, பேரதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஈஎம்டிஆர் என்னும் கண்ணசைவுச் சிகிச்சை, தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. சிகிச்சைக்கு இடையே அதே பிசிஎல்-5ஐத் திரும்பக் கேட்கிறார்கள்; 10 புள்ளியாவது குறைந்திருந்தால் முன்னேற்றம் என்று கொள்வது நடைமுறை.