மரக்கிண்ணக் காதொலிப்பான்

மரக்கிண்ணக் காதொலிப்பான் என்பது, ஒலி இயக்கியைச் சூழ்ந்துள்ள வெளிக்கூடு மரத்தால் ஆன காதொலிப்பான் ஆகும். காதொலிப்பான் பேச்சு வழக்கில் ஹெட்போன் எனப்படுகிறது. சில வகைகள் ஆலையிலேயே மரக்கிண்ணத்துடன் ஆக்கப்படுகின்றன. வேறு சில, பிளாஸ்டிக் கிண்ணத்துடன் விற்கப்பட்டுப் பின்னர் ஆர்வலர்களால் மரக்கிண்ணம் பொருத்தி மாற்றியமைக்கப்படுகின்றன. மரம் ஒலியை இனிமையாக்கும் என்ற கருத்துப் பரவலாக உள்ளது. ஆனால் மாற்றத்திற்குப் பின் கேட்கும் வேறுபாட்டின் பெரும்பகுதி கிண்ணத்தின் கன அளவு, சுவர்த் தடிப்பு, காற்றுக்கசிவு, காதுமெத்தை ஆகியவற்றால் விளைவதாகும். மர இனத்தின் பங்கு இவற்றிலும் சிறியது.

வரலாறு

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1953இல் தொடங்கப்பட்ட கிராடோ நிறுவனம், 1990களில் பிளாஸ்டிக் கூடு கொண்ட எஸ்ஆர் வரிசையோடு மகோகனி மரத்தாலான ஆர்எஸ்1 வகையையும் வெளியிட்டது. ஜப்பானின் டெனான் நிறுவனம் 2000களில் விற்ற ஏஎச்-டி2000, ஏஎச்-டி5000 ஆகிய இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இயக்கிகளைக் கொண்டிருந்தன. பிந்தையதில் மகோகனிக் கிண்ணம் இருந்தது. எனவே விலை குறைந்த டி2000ஐ வாங்கி மரக்கிண்ணம் பொருத்துவது ஆர்வலரிடையே பரவியது. 2015 முதல் வெளிவந்த பாஸ்டெக்ஸ் டிஎச்-எக்ஸ்00 வகை மகோகனி, பர்ப்பிள்ஹார்ட், கருங்காலி ஆகிய மரங்களில் விற்கப்பட்டது.

கிண்ணத்தின் பணி

இயக்கியின் மென்தகடு முன்னும் பின்னும் ஒலியை எழுப்புகிறது. முன்பக்க ஒலி காதை அடைகிறது. பின்பக்க ஒலி கிண்ணத்துள் செல்கிறது. மூடிய வகையில் உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில் போலச் செயற்பட்டு, தாழ்ந்த அதிர்வெண்களில் மென்தகட்டின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. கிண்ணத்தின் கன அளவு மாறினால் தாழ்சுருதி ஒலியும் மாறும்.

கிண்ணத்தின் சுவர்களுக்கிடையே நிலை அலைகளும் தோன்றும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், 4 செ.மீ. ஆழமுள்ள கிண்ணத்தில் முதல் நிலை அலை ஏறத்தாழ 4300 ஹெர்ட்ஸில் அமையும். மனிதச் செவி கூர்மையாக உணரும் எல்லைக்குள் இது வருகிறது. கிண்ணத்துள் சிறிது பஞ்சு அல்லது கம்பளித்துணி வைத்தால் இவ்வலை தணியும். கிண்ணத்தின் பொருளை மட்டும் மாற்றுவதால் தணிவதில்லை.

பிளாஸ்டிக்குடன் ஒப்பீடு

காதொலிப்பான்களில் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1050 கிலோகிராம். தேக்கின் அடர்த்தி சுமார் 650. ஏபிஎஸ்ஸின் யங் குணகம் 2 கிகாபாஸ்கல் அளவில் உள்ளது. தேக்கிற்கு இழையின் திசையில் இது 10 கிகாபாஸ்கலுக்கு மேல். இழைக்குக் குறுக்கே மிகக் குறைவு. ஆகவே மரம் எடை குறைந்ததும் ஒரு திசையில் விறைப்பு மிக்கதும் ஆகும்.

எனினும் நடைமுறையில் தடிப்பே மேலோங்குகிறது. ஒரு தகட்டின் வளைவு விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 3 மி.மீ. சுவருக்குப் பதிலாக 9 மி.மீ. சுவர் அமைத்தால், பொருள் மாறாத நிலையிலும் விறைப்பு 27 மடங்காகும். ஆலையின் பிளாஸ்டிக் கிண்ணம் மெல்லியதாகவும் கைவினை மரக்கிண்ணம் தடித்ததாகவும் இருப்பதே வழக்கம். இத்தகைய ஒப்பீட்டில் மரத்தின் விளைவும் தடிப்பின் விளைவும் கலந்துவிடுகின்றன.

இசைக்கருவி மரங்களும் காதொலிப்பானும்

விழுப்புரத்தை அடுத்த பண்ருட்டியின் பலாமரம் மிருதங்கக் கட்டைக்குப் பெயர்பெற்றது. வீணையும் பலாமரத்திலேயே செய்யப்படுகிறது. இதனால் நல்ல மரம் நல்ல ஒலி தரும் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. ஆனால் வீணையின் குடம் தந்தியின் அதிர்வைப் பெற்றுத் தானும் அதிர்ந்து ஒலியைப் பரப்ப வேண்டும். காதொலிப்பானில் மென்தகடே ஒலியைப் பரப்புகிறது. கிண்ணம் இயன்றவரை அசையாதிருக்க வேண்டும். எனவே ஒன்றில் குணமாவது மற்றொன்றில் குறையாகலாம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. ஆயினும் காதொலிப்பான் கிண்ணத்திற்குச் செதுக்கு வேலையை விடக் கடைசல் வேலையே ஏற்றது. புளியங்காடு எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட திண்டிவனத்தின் புளியமரம் மிகக் கடினமானது. ஆனால் எடை மிகுந்ததால் நெடுநேரம் அணிவதற்கு உகந்ததன்று.

இப்பகுதியின் கோடை வெப்பத்தில் மரம் சுருங்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரமேறி விரியும். நன்கு உலராத மரத்தில் கிண்ணம் கடைந்தால் விரிசலோ பொருத்தில் இடைவெளியோ ஏற்படலாம். மயிரிழை அளவு கசிவும் மூடிய காதொலிப்பானின் தாழ்சுருதியை வெகுவாகக் குறைக்கக்கூடும்.

சரியான ஒப்பீட்டு முறை

ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மரக்கிண்ணத்துடன் புதிய காதுமெத்தையையும் பொருத்தினால் வேறுபாடு எதனால் வந்தது என அறிய இயலாது. இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. அணியும் நிலை சிறிது மாறினாலும் ஒலி மாறுவதால், ஒவ்வொன்றையும் பலமுறை கழற்றி அணிந்து அளந்து சராசரி காண வேண்டும். எடையும் தொடுகையும் எது மரம் எனக் காட்டிக்கொடுப்பதால், கேட்டு மட்டும் தீர்மானிப்பது கடினம்.

2017இல் ஜெரோன் பிரேபார்ட் 283 காதொலிப்பான்களின் அளவீடுகளை ஆராய்ந்து, அதிர்வெண் துலங்கலுக்கும் விலைக்கும் தொடர்பு இல்லை எனக் கண்டார். எனவே மரத்திற்கெனக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், அசல் கிண்ணத்திலேயே தணிப்புப் பொருளை மாற்றிச் சோதிப்பது சிக்கனமானது. கூட்டைத் திறந்தால் உத்தரவாதம் இழக்க நேரலாம். அசல் கிண்ணங்களையும் திருகாணிகளையும் பாதுகாத்து வைத்தால், தேவைப்படும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம்.