பின்னோக்கி ஓடும் இசை

2008இல் வந்த 'பிரெய்ட்' கேமில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பினால் இசையும் தலைகீழாக ஓடும். ஜோனாதன் ப்ளோ அந்த இசையைப் புதிதாகப் போடச் சொல்லவில்லை. ஜேமி சீபர், ஷிரா காமன் போன்றவர்கள் ஏற்கெனவே வெளியிட்டிருந்த பதிவுகளுக்கு உரிமம் வாங்கினார்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. பெரிய கம்பெனிப் பாட்டென்றால் பெரும்பாலும் இரண்டு கதவையும் தட்டணும். ப்ளோ போன இடம் மேக்னட்யூன், 2003இல் ஜான் பக்மன் தொடங்கியது. உரிமம் இணையத்திலேயே கிடைக்கும். வருகிற காசில் பாதி கலைஞருக்கு.

வாங்கினால் மட்டும் போதுமா? 2017இல் இசை உரிமம் காலாவதியாகி 'ஆலன் வேக்' விற்பனையிலிருந்தே இறங்கியது. அடுத்த வருஷம், உரிமத்தைப் புதுப்பித்த பிறகுதான் திரும்பி வந்தது.

அதனால் கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். காலத்தைத் திருப்புவதெல்லாம் கேமுக்குள்ளேதான் நடக்கும்.