கேட்பவர் கட்டும் காசு

1996 இலையுதிர் காலத்தில் ஓக்லண்டுக்கு வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது: வானொலிகூடக் கையேந்துகிறதே, இந்த நாடு அவ்வளவு வறிய நாடா? நான் வாடகைக்கு எடுத்த அறையில் முந்தி இருந்தவர் விட்டுப்போன ஒரு பழைய றேடியோ கிடந்தது. அதைத் திருகியபோது 94.1இல் ஒரு பெண் செய்தி ஆய்வை இடையில் நிறுத்திவிட்டு ஒரு தொலைபேசி இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னணியில் மணிகள் அடித்தபடி இருந்தன. இந்த மணித்தியாலம் முடிவதற்குள் இன்னும் பதினேழு பேர் அழைக்க வேண்டுமாம். அடுத்த நாளும் அதே கதை. ஒரு வாரம் கழித்தும் முடியவில்லை.

எங்கள் வீட்டில் வானொலிக்குக் காசு கட்டுவது என்றால் தபாற்கந்தோருக்குப் போய் லைசன்ஸ் எடுப்பதுதான். அப்பா அந்தத் துண்டைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். காசை அரசாங்கம் வாங்கும், பேசுவதையும் அரசாங்கமே பேசும். எங்களைக் கேட்டு எதையும் பேசியதாக ஞாபகமில்லை. ஆகவே, கேட்பவனிடம் நேரே வந்து "உங்களால்தான் நாளைக்கு நாங்கள் இருப்போம்" என்று ஒரு நிலையம் சொல்வது எனக்குப் புதினமாக இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் கடன் கேட்கும்போது ஒட்டுக்கேட்டதுபோல.

அந்த நிலையம் கே.பி.எஃப்.ஏ. அதன் கதையைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

லூயிஸ் ஹில் என்பவர் இரண்டாம் உலகப்போரில் துப்பாக்கி ஏந்த மறுத்தவர். அப்படி மறுத்தவர்களை அமெரிக்க அரசு முகாம்களில் வைத்து வேலை வாங்கியது. ஹிலும் கலிபோர்னியாவில் ஒரு முகாமில் இருந்தார். பிறகு வாஷிங்டனில் வானொலி அறிவிப்பாளராக வேலை பார்த்தார். 1946இல் தன்னைப்போன்ற சில சமாதானவாதிகளுடன் சேர்ந்து பசிபிக்கா அறக்கட்டளையைத் தொடங்கினார். 1949 ஏப்ரல் 15 பிற்பகல் பேர்க்லியில், பல்கலைக்கழக அவெனியூவில் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து கே.பி.எஃப்.ஏ. பேசத் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. அரசாங்கப் பணமும் கிடையாது. கேட்பவர்கள் விரும்பித் தரும் சந்தாவை நம்பி நடந்த முதல் அமெரிக்க வானொலி அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. எஃப்.எம். அலைவரிசையில் அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்தில் எஃப்.எம். பிடிக்கும் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஆகவே நிலையம் சந்தாவோடு சேர்த்துப் பெட்டிக்கும் வழிசெய்ய வேண்டியிருந்தது. ரொறன்ரோவில் தொண்ணூறுகளில் இருந்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. இருபத்துநான்கு மணிநேரத் தமிழ் வானொலிகள் தொடங்கியபோது, சாதாரண றேடியோவில் அவை கேட்காது. துணை அலைவரிசையைப் பிடிக்கும் தனிப்பெட்டி வாங்கவேண்டும். என் அக்காவின் குசினியில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் அது நின்றது. ஆனால் நாங்கள் பெட்டிக்கு மட்டும்தான் காசு கொடுத்தோம். அதற்குப் பிறகு வானொலியை நடத்தியது நகைக்கடையும் வீடு விற்கும் முகவர்களும். கே.பி.எஃப்.ஏ.யைத் தொடங்கியவர்கள் தப்ப நினைத்தது அந்த இடத்திலிருந்துதான்.

தப்ப முடிந்ததா? 1950 ஓகஸ்டில், பதினாறே மாதங்களில், காசு தீர்ந்து நிலையம் மூடப்பட்டது. கேட்டவர்கள் கூட்டம் கூட்டினார்கள், பணம் சேர்த்தார்கள். 1951 மேயில் நிலையம் திரும்பவும் ஒலித்தது. கதையை இதோடு நிறுத்தினால் மிக அழகாக இருக்கும், நிதி சேர்க்கும் நாட்களில் இப்படித்தான் நிறுத்துவார்கள். ஆனால் அதே 1951இல் ஃபோர்ட் அறக்கட்டளையின் முதியோர் கல்வி நிதியத்திலிருந்து 1,50,000 டொலர் வந்தது. அந்தப் பணம் வராமல் பத்து டொலர்ச் சந்தாக்கள் மட்டும் அந்த வருடங்களைத் தாண்ட வைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மோட்டார் கார் முதலாளியின் பணம், போரை எதிர்த்தவர்களின் வானொலியைக் கரைசேர்த்தது.

ஆனாலும் ஹில் 1951இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். கேட்பவர் ஆதரிக்கும் வானொலியின் கோட்பாடு பற்றியது அது. அவர் பணத்தில் தொடங்கவில்லை, அறிவிப்பாளரில் தொடங்குகிறார். தான் நம்பாத ஒன்றை நம்புகிறவன்போல வாசிக்கத் தெரிந்தவனுக்கே வர்த்தக வானொலியில் வேலை என்பது அவர் முறைப்பாடு. அதை மாற்ற, பேசுபவனுக்குச் சம்பளம் தருபவரை மாற்றவேண்டும். அலை எட்டும் இடத்தில் கேட்கக்கூடியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வருடம் பத்து டொலர் தந்தால் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். மீதித் தொண்ணூற்றெட்டுப் பேரும் இலவசமாகக் கேட்கலாம். கட்டாதவரையும் கேட்க விடுவதில்தான் கட்டுபவரின் செயலுக்கு அர்த்தம் வருகிறது என்பது அவர் எண்ணம். ஊரில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் நடத்தியவர்களின் பிள்ளைகள் நாங்கள். இந்தக் கணக்கு எங்களுக்கு விளங்காமல் போகாது. பிடியரிசி தராத வீட்டுப் பிள்ளையும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தது.

ஹில் 1957இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நீண்டகாலமாக உடல் நோய், நிலையத்துக்குள்ளும் ஓயாத சண்டை. பசிபிக்கா வளர்ந்தது: 1959இல் லொஸ் ஏஞ்சலிஸ், 1960இல் நியூயோர்க், 1970இல் ஹூஸ்டன். ஹூஸ்டன் நிலையத்தின் ஒலிபரப்பிக்கு அந்த முதல் வருடத்திலேயே இரண்டு முறை குண்டு வைத்தார்கள். அதற்கு முன்பே நியூயோர்க் நிலையம் எஃப்.பி.ஐ.யின் முன்னாள் ஊழியர் ஒருவரைப் பேச வைத்ததைத் தொடர்ந்து செனட் உபகுழு விசாரணைக்கு அழைத்திருந்தது. அனுமதிப்பத்திரப் புதுப்பிப்பு இழுபட்டு 1964இல்தான் கிடைத்தது. விளம்பரதாரர் இருந்திருந்தால் முதல் நாளே ஓடியிருப்பார்கள்.

முதலில் சந்தா தபாலில் வந்தது. நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியில் கேட்கும் வழக்கம் பிறகுதான் வேரூன்றியது. 1967இல் ஜனாதிபதி ஜோன்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார், 1970இல் என்.பி.ஆர். உருவானது. 1983இல் என்.பி.ஆர். பல மில்லியன் டொலர் கடனில் மூழ்கப் பார்த்தபோது, நாடெங்கும் உள்ள நிலையங்கள் ஓகஸ்ட் மாதத்தில் 'டிரைவ் டு சர்வைவ்' என்று சேர்ந்து கேட்டன. அதற்குப் பிறகு இந்தக் கையேந்தல் ஒரு பருவகாலம் போலாயிற்று. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று, நடுவில் அவசரத்துக்கு ஒன்று. துணிப்பை, கோப்பை. "இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவது" என்று தொடங்கும் கொம்பனிப் பெயர்களும் வந்து சேர்ந்தன. விளம்பரம் அல்ல, நன்றி அறிவிப்பு என்பார்கள். கோயில் ரியூப்லைற்றில் உபயகாரர் பெயரை வெளிச்சம் மறைய எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பசிபிக்கா மட்டும் அந்த உபயத்தை வாங்க மறுத்து நின்றது.

காசு கட்டியவருக்கு நிலையம் சொந்தமா? இந்தக் கேள்வி 1999இல் தெருவுக்கு வந்தது. பசிபிக்காவின் தேசிய நிர்வாகம் கே.பி.எஃப்.ஏ. மேலாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதைப்பற்றி ஒலிபரப்பில் பேசக்கூடாது என்றது. பேசினார்கள். யூலை 13 இரவு ஊழியர்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்கள். உள்ளே இழுபறி நடப்பது ஒலிபரப்பிலேயே கேட்டது. நான் என் அறையில் சோற்றுப் பானையோடு நின்று கேட்டேன். பானையை இறக்கிவிட்டுப் பஸ் எடுத்தேன். மார்ட்டின் லூதர் கிங் தெருவில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றார்கள். பொலிஸ் வாகனங்களைக் கண்டதும் என் உடம்பு தன்பாட்டில் ஒரு சுவரோரமாக ஒதுங்கியது. எனக்கு அப்போது நிரந்தர விசா இல்லை. ஒரு மணிநேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் சுமார் 10,000 பேர் ஊர்வலம் போனபோது, அதில் நானும் இருந்தேன். ஒரு வானொலிக்காக அத்தனை பேர் நடப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வழக்குகள், சமரசங்கள் எல்லாம் முடிந்து 2003இல் புதிய யாப்பு வந்தது. வருடம் 25 டொலர் கட்டினவருக்கு வாக்கு. காசில்லையா, மூன்று மணிநேரம் தொண்டு வேலை செய்தால் வாக்கு. அந்த இரண்டாவது வரிக்காகத்தான் நான் தொலைபேசி அறைக்குப் போனேன். நீண்ட மேசை, பத்துப் பன்னிரண்டு தொலைபேசிகள், யாரோ சமைத்துக் கொண்டுவந்த சூப். பெயர், விலாசம், தொகை, அன்பளிப்பு வேண்டுமா. என் ஆங்கிலம் சிலருக்கு விளங்கவில்லை, திரும்பச் சொன்னேன். மணி அடிப்பது நின்றுவிட்டால் அறிவிப்பாளரின் குரல் மாறிவிடும், அறையில் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒரு கிழவி ஐந்து டொலர் தந்தார், அன்பளிப்பு வேண்டாம் என்றார். கோப்பை அனுப்பும் செலவுக்கே ஐந்து டொலர் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2004இல் அப்பா வந்து மூன்று மாதம் தங்கினார். காலையில் தேத்தண்ணியோடு அவரும் அந்த நிதி சேர்ப்பைக் கேட்டார்.

"என்ன தம்பி, கோயில் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோட வாற மாதிரி?"

"அப்பிடித்தான் அப்பா."

"கட்டாதவனுக்கும் கேக்குமோ?"

"கேக்கும்."

"பிறகேன் நீ கட்டுறாய்?"

நான் ஹிலின் கோட்பாட்டை விளக்கத் தொடங்கி, என் தமிழில் அது மிகவும் அபத்தமாக ஒலிப்பதை உணர்ந்து நிறுத்தினேன். வேறு ஒன்றைக் கேட்டேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்க, முற்றத்தில் சைக்கிளை நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து அப்பா பெடல் மிதிப்பார். வேகம் குறைந்தால் லண்டன் குரல் தேய்ந்துபோகும்.

"நீங்கள் மிதிக்கேக்கை எத்தினை பேர் வந்து கேட்டவை?"

"பத்துப் பேர் வரும். குண்டு விழுந்த நாளெண்டால் இருபது."

"எல்லாரும் மிதிச்சவையோ?"

அப்பா யோசித்தார். "சிவத்தாரின்ரை மூத்தவன் கொஞ்சம் மிதிப்பான். மற்றவை மிதிக்கேல்லை." தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அது வேறை" என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை. நானும் இன்றுவரை யோசிக்கிறேன். அவர் மிதித்தது தன் தெருவுக்கு. லண்டனுக்கு அவர் ஒரு சதமும் அனுப்பவில்லை. பி.பி.சி.யின் உலக சேவையை அப்போது நடத்தியது பிரித்தானிய அரசின் பணம். ஆகவே அப்பாவின் கேள்வி அவ்வளவு லேசானதல்ல.

திரும்பிப் போகுமுன் இருபது டொலர்த் தாள் ஒன்றை மேசையில் வைத்தார். "உன்ரை வானொலிக்கு. ரசீது வரட்டும்." நான் ஐந்து சேர்த்து அவர் பெயரில் கட்டினேன்.

அந்த வாக்குரிமை நிலையங்களுக்கு நிம்மதி தந்தது என்று சொல்ல முடியாது. குழு குழுவாகப் பிரிந்து தேர்தலில் அடிபட்டார்கள். ஊர்ச் சங்கத் தேர்தல்களைக் கண்டவர்கள் மிச்சத்தைத் தாமே நிரப்பிக்கொள்ளலாம். எம்பயர் ஸ்டேற் கட்டடத்தில் ஒலிபரப்பி வைத்த வாடகை பாக்கிக்கு 2017இல் பசிபிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2019 ஒக்டோபரில் தலைமையகமே நியூயோர்க் நிலையத்தை ஒரு நாள் திடீரென்று நிறுத்தியது. நீதிமன்றம்வரை போய் ஒரு மாதத்தில் திரும்பியது.

2025 யூலையில் பொது ஒலிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கிய 110 கோடி டொலரை அமெரிக்கக் காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. ஓகஸ்ட் முதலாம் திகதி, 1967ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தன் கதவை மூடப்போவதாக அறிவித்தது. பெரிய நகரங்களின் நிலையங்களுக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கு, ஆயிரம் பேர் வாழும் ஒரு மலைக்கிராமத்தில் இருபது பேர். இருபது பேரால் ஒலிபரப்பியின் மின்சாரக் கட்டணம்கூடக் கட்டமுடியாது. ஹில் பேர்க்லியில் இருந்துகொண்டு போட்ட கணக்கு அது.

அப்பா 2011இல் காலமானார். நான் நிலையத்துக்கு அறிவிக்கவில்லை. சந்தா விட்டுப்போனவர்களுக்கு வரும் கடிதம், அவர் பெயருக்கு என் விலாசத்துக்கு வந்துகொண்டிருக்கும். இந்த இலையுதிர் காலத்திலும் வந்தது. தொகைகளுக்கு எதிரே சிறு சதுரங்கள், அன்பளிப்பு வேண்டாம் என்பதற்கும் ஒரு சதுரம். இருபத்தைந்துக்கு எதிரே கோடு போட்டு, அந்தக் கடைசிச் சதுரத்திலும் கோடு போட்டு, அவர் பெயரிலேயே அனுப்பினேன்.