வாக்மேனில் தேடிய ‘கும்’

போன மாதம் காது பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். தாழ்ந்த ஒலிகளில் கோடு ஓரளவு நேராக இருந்தது. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

“எந்த மில்லுல சார் வேலை பார்த்தீங்க?” என்று கேட்டது அந்தப் பெண். இயந்திர இரைச்சலில் பல வருஷம் நின்றவர்களுக்குத்தான் இந்த இடத்தில் பள்ளம் விழுமாம். நான் மில் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆயுசு முழுக்கக் கோப்புகளோடுதான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. வயதுக்கு ஒரு பங்கு உண்டு. மீதி வாக்மேனின் கைங்கரியம்.

1983-ல் என் பெரியப்பா மகன் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், நம்மூர் வழக்கில் சொல்தா. இடுப்பில் ஒரு வாக்மேன், தலையில் மெல்லிய கம்பி, காதில் பஞ்சு உருண்டை. அதே வருஷம்தான் பிரான்சில் அரசாங்கமே ‘வாக்மேன்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘பலதேர்’ என்று சொல்லச் சொன்னது (முதல் எழுத்தை ‘பஸ்’ என்பதில் வருவதுபோல் உச்சரிக்க வேண்டும்). உலாவுகிறவன் என்று பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தச் சொல் உடனே பிடித்துவிட்டது. இன்றைக்கும் என் வாயில் அதுதான் முதலில் வரும்.

அண்ணன் அதை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆசையாக ஒரு கச்சேரி கேசட்டைப் போட்டேன். குரல் கண்ணாடி மாதிரி. வயலின் அருமை. மிருதங்கத்தின் வலந்தலை டக் டக்கென்று தெரிந்தது. தொப்பியைக் காணோம்! இடது பக்கம் ரவை பிசைந்து ஒட்டி அடிப்பார்களே, அந்தக் ‘கும்’ நெஞ்சில் வந்து உட்கார வேண்டாமா? அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். “சத்தத்தைக் கூட்டி வை, தம்பி” என்று பதில் வந்தது. பதினைந்து வருஷம் அதைத்தான் செய்தேன்.

அந்தக் ‘கும்’ எங்கே போயிற்று என்பது இந்த ஓய்வுக் காலத்தில் படித்த பிறகுதான் தெரிந்தது. அது காதுக்கும் பஞ்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் போயிருக்கிறது.

சோனி கம்பெனி முதல் வாக்மேனை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1979 ஜூலை 1-ல். விலை 33,000 யென். நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபூகாவுக்கு நீண்ட விமானப் பயணங்களில் பாட்டு கேட்க வேண்டும். இருந்த ஸ்டீரியோ டேப் ரெக்கார்டரோ தூக்க முடியாத கனம். நிருபர்கள் வைத்திருந்த சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்யும் பாகத்தை எடுத்துவிட்டு ஸ்டீரியோவாக மாற்றித் தரச் சொன்னார். இன்னொரு நிறுவனர் அகியோ மொரிட்டா அதை வீட்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக அவர் மனைவிக்கு வருத்தம். அதனால் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகளும், பாட்டைத் தாழ்த்திவிட்டு ஒருவரோடு ஒருவர் பேச ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் வைத்தார்கள். இதற்கும் முன்பே, ஆந்திரேயாஸ் பவெல் என்பவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்டீரியோவுக்கு 1977-ல் இத்தாலியில் உரிமம் கேட்டிருந்தார். வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் இழுத்துக் கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அது தனிக் கதை.

நம் கதைக்கு முக்கியம் அந்த ஹெட்போன். அதுவரை ஹெட்போன் என்றால் 300, 400 கிராம் எடையில் காதை முழுக்க மூடும் சாதனம். வாக்மேனுடன் வந்ததோ சுமார் 50 கிராம். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968-லேயே காதை அடைக்காத, பஞ்சு வைத்த ஹெட்போனை விற்க ஆரம்பித்துவிட்டது. காற்றோட்டமாக இருக்கும், வியர்க்காது. ஆனால் தாழ்ந்த ஒலி அதன் வழியாக வெளியே ஒழுகிவிடும்.

சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துபோனால் என்ன ஆகும்? வேகமாக அடித்தால் டியூபில் கொஞ்சமாவது காற்று ஏறும். மெதுவாக அடித்தால் எல்லாம் பக்கவாட்டில் புஸ்ஸென்று போய்விடும். ஹெட்போனிலும் அப்படித்தான். தொப்பியின் ஒலி விநாடிக்கு நூறு தடவை போல அசையும் மெதுவான தள்ளல். இடைவெளி இருந்தால் ஓடிவிடும். வலந்தலையின் ‘டக்’கில் இருக்கும் வேகமான அசைவுகள் தப்பி வந்துவிடும். ஒரு பெரிய ஸ்பீக்கர் அறை முழுதும் உள்ள காற்றைத் தள்ள வேண்டும். காதை நன்றாக மூடிவிட்டால், செவிப்பறைக்கு முன்னால் உள்ள சில சொட்டுக் காற்றைத் தள்ளினால் போதும். இது தெரிந்திருந்தால் உள்ளங்கையால் அந்தப் பஞ்சை அழுத்திக் கேட்டிருப்பேன். காசு செலவில்லை!

நம் காதிலும் ஒரு குறை உண்டு. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிதான் முதலில் மங்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். அதனால்தான் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது.

வாக்மேன் கம்பெனிகளும் இந்தக் குறையை அறிந்தே இருந்தன. எண்பதுகளின் பிற்பகுதியில் ‘மெகா பேஸ்’ போன்ற பெயர்களில் பொத்தான்கள் வந்தன. ஒழுகுவதை அடைக்காமல் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. பேஸை 10 டெசிபல் கூட்டினால் அந்த ஒலிக்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும். உள்ளே இருப்பதோ இரண்டு பென்சில் பேட்டரி, 3 வோல்ட். பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் ‘கும்’ என்பது ‘பர்ர்’ என்றாகிவிடும். சத்தம் பலமாக இருக்கும், சுத்தமாக இருக்காது. என் பேட்டரிச் செலவைப் பார்த்து வீட்டில் நடந்த சண்டைகளை இங்கே எழுத மாட்டேன்.

பிற்பாடு வந்த சில மலிவு விலைப் பெட்டிகளில் இன்னொரு கோளாறு. ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஒரு மின்தேக்கி இருக்கும். அது 100 மைக்ரோஃபாரட், ஹெட்போன் 16 ஓம் என்றால், சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிய ஆரம்பிக்கும். 220 மைக்ரோஃபாரடும் 32 ஓம் ஹெட்போனும் இருந்தால் அது ஏறக்குறைய 23 ஹெர்ட்ஸ் வரை தாக்குப்பிடிக்கும். அதே பாட்டு, அதே கேசட். ஹெட்போனை மாற்றினால் பேஸ் வந்ததாகப் பலர் சொன்னதற்கு இதுவும் காரணம்.

என்னைப்போல் சத்தத்தைக் கூட்டியவர்கள் பிரான்சிலும் நிறையப் போல. 1996-ல் அங்கே சட்டமே வந்தது. பலதேரின் ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. முழுச் சத்தத்தில் நெடுநேரம் கேட்டால் காது பழுதாகலாம் என்று அதன் மேலேயே எழுத வேண்டும். 2002-ல் ஐபாட் இந்த அளவைத் தாண்டியதால் அங்கே கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, மென்பொருளைத் திருத்திய பிறகே மறுபடி விற்பனைக்கு வந்தது. பேஸ் போய்விட்டது என்று இசைப் பிரியர்கள் முணுமுணுத்தார்கள். அந்தச் சட்டம் சரி என்பதே என் கட்சி. என் பெட்டியில் அப்படி ஒரு வாசகம் இல்லை. இருந்திருந்தால் பிரெஞ்சு தெரிந்தவன், படித்திருப்பேன்.

பிரெஞ்சில் தாழ்ந்த ஒலிக்கும் ‘கிராவ்’ என்றுதான் பெயர், கவலைக்கிடமான நோய்க்கும் ‘கிராவ்’ என்றுதான் சொல்வார்கள். என் காதில் அந்தக் கிராவ் ஒலிக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த இரைச்சலாக இருந்தாலும் காதில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். தொப்பியைத் தேடிப் போய் வலந்தலையைத் தொலைத்திருக்கிறேன். பேச்சில் ச, த, க எல்லாம் எனக்கு ஒரே எழுத்து மாதிரி இருக்கின்றன.

பேரன் தன்னுடைய சிலிக்கான் முனை வைத்த இயர்போனைப் போன வாரம் கொடுத்தான். மூன்று அளவில் முனைகள் இருந்தன. பெரியதைப் போட்டதும் காது கச்சிதமாக அடைந்தது. பேஸைக் கூட்டாதே தாத்தா, மற்றதைக் கொஞ்சம் குறை என்றான். அப்படியே செய்து, ஒலியைக் கால் பங்கு மட்டும் வைத்தேன். பழைய கச்சேரிதான். தனி ஆவர்த்தனத்தில் தொப்பி ‘கும்’ என்று வந்தது, உருண்டையாக. நாற்பது வருஷம் கழித்து!

ஒரே சங்கடம். இதை மாட்ட வேண்டுமானால் காது மெஷினைக் கழற்றி வைக்க வேண்டும். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. மனைவி ஈரக் கையோடு வந்து தோளைத் தட்டுகிறாள்.