மூக்கின் வழியே மண்டையோட்டின் அடித்தளம்

மண்டையோட்டின் அடித்தளத்திலே, பட்டாணிக் கடலையளவினதாகிய கபச்சுரப்பி ஒரு சிறு எலும்புக் குழியினுள் அமர்ந்திருக்கின்றது. அதனிற் கட்டி வளரின், மேலே செல்லும் பார்வை நரம்புகள் நெருக்குண்டு கண்ணொளி குன்றும். மண்டையைத் திறந்து மூளையை உயர்த்தி அதனை அணுகுதல் ஒரு நெறி. மூக்கினூடே கீழிருந்து அணுகுதல் மற்றொன்று. 2009 இற் பாலம் அமையுமுன், தரைவழி சுற்றாது கிண்ணியாத் துறையைப் படகிற் கடந்து திருகோணமலை சென்றோர்க்குக் குறுவழியின் பயனும் அச்சமும் நன்கு விளங்கும்.

1907 ஆம் ஆண்டில் இன்ஸ்புறுக் நகரில் ஷ்லோபர் மூக்கை அறுத்து ஒருபுறம் புரட்டி இவ்வழியை முயன்றார். 1910 இல் வியன்னாவில் ஹிர்ஷ், முகத்தில் வடுவின்றி நாசித் துவாரத்தினூடாகவே சென்றார். அமெரிக்கராகிய ஹார்வி குஷிங், மேலுதட்டின் கீழ்வழியாக 231 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்து, இறந்தோர் தொகையை நூற்றுக்கு ஆறினும் குறைத்த பின்னரும், அதனைக் கைவிட்டு மண்டைவழிக்கே மீண்டார். ஆசான் விட்டதை மாணாக்கரும் விட்டனர். எடின்பரோவில் நோர்மன் டொட்டும், 1938 இல் நாடிழந்து பொஸ்தன் சேர்ந்த ஹிர்ஷும் முதலாய மிகச் சிலரே அதனைப் பேணினர். டொட்டிடமிருந்து பரிஸ் மருத்துவர் கியோவும், கியோவிடமிருந்து மொன்றியல் ஹார்டியும் கற்றனர். ஹார்டி 1960களில் நுணுக்குக்காட்டியையும் துணைக்கொண்டார். ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறியே இக்கலை உயிர் தப்பியது.

நுணுக்குக்காட்டி நேர்கோட்டில் மட்டுமே காணும். மூலைகள் இருளிலேயே கிடந்தன. 1954 இல் ஹொப்கின்ஸ் என்பாரும் பஞ்சாபியராகிய நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி நார்க்கற்றை வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டினர். பின்னர் ஹொப்கின்ஸ் அமைத்த கோல்வில்லை அகநோக்கியே மூக்கினுள் ஒளியையும் கண்ணையும் ஒருங்கே கொண்டு சென்றது. பிற்ஸ்பர்க்கில் ஜோவும் கராவும் அகநோக்கியொன்றையே கொண்டு கட்டியகற்றி, 1997 இல் 50 நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர்.

எனினும் பெருங்கட்டியை அகற்றிய துளையினூடே மூளைநீர் கசிந்து, கிருமி புகுந்து உயிரைக் கவரும் இடர் நீங்கவில்லை. அதனை நீக்கிய முறைக்கு மூலமான கருத்து மிகப் பழையது. கன்னத்தோலைக் காம்பறாது திருப்பி மூக்கமைக்கும் விதியைச் சுசுருத சங்கிதை கூறும். புனாவில் நெற்றித்தோலால் மூக்கமைத்த செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவர, 1814 இற் கார்ப்யூ அதனை ஆங்குச் செய்துகாட்டினார். சுசுருதர் மண்டையடிச் சிகிச்சையையே அறிந்திருந்தார் என்பார் கூற்று மிகை. காம்பிலே குருதி ஓடின் தோல் வாழும் என்பதே அவர்வழி வந்த உண்மை. 2006 இல் ஆர்ஜென்டீன மருத்துவர் ஹடாட்டும் பசகஸ்தெகியும் மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் நாடியோடு திருப்பி அத்துளையை மூடிய முறை வெளியாயிற்று. அவர்தம் முதல் நோயாளருட் கசிவு கண்டோர் நூற்றுக்கு ஐவரளவினரே.