பள்ளி மதிய உணவும் தமிழகக் கட்சிகளும்

தமிழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் திட்டத்துக்கு நூற்றாண்டு வயது. அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முயலாத பெரிய கட்சி இங்கே இல்லை. ஒரு பிரச்சினை ஒரு கட்சியின் சொத்தாக வாக்காளர் மனத்தில் பதிவதை அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஜான் பெட்ரோசிக் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில் விரிவாக விளக்கினார். எதைக் கையாள்வதில் எந்தக் கட்சிக்கு நல்ல பெயர் இருக்கிறதோ, தேர்தல் பேச்சை அந்தப் பக்கமே திருப்பக் கட்சிகள் முனையும் என்பது அவர் வாதம். மதிய உணவின் கதை அதற்குப் பொருந்தும். ஆனால் இங்கே சொத்து பலமுறை கைமாறியது.

முதலில் தொடங்கியவர்கள் நீதிக்கட்சியினர். பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு வழங்க முடிவெடுத்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அதை நினைவுபடுத்துவது பெரும்பாலும் வரலாற்றுக் கட்டுரைகள்தான்.

1956இல் முதலமைச்சர் காமராஜர் திட்டத்தை மாநிலம் தழுவியதாக்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் மக்களின் நன்கொடையையும் இதற்குத் திரட்டினார். பெயர் காமராஜருக்கு நிலைத்தது, காங்கிரஸுக்கு நிலைக்கவில்லை. 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது வீட்டு அடுப்பின் கவலை பள்ளிச் சோற்றை மறக்கடித்துவிட்டது. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது தி.மு.க. காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்தது, காமராஜரே விருதுநகரில் தோற்றார். ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது; செலவு தாங்காமல் அதற்கு மேல் பரவவில்லை. ஆனாலும் மலிவு அரிசி என்றதும் தி.மு.க. நினைவுக்கு வருவது அன்று தொடங்கியதுதான்.

அ.தி.மு.க. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தாம் சிறுவயதில் பசித்திருந்ததைச் சொல்லியே அதை அவர் மக்களிடம் கொண்டு சென்றார். நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்வி கோட்டைக்குள்ளும் வெளியிலும் எழுந்தது. முதலில் கிராமப்புறக் குழந்தைகள், அதே ஆண்டில் நகரங்கள், 1984இல் பதினைந்து வயது வரை என்று அது விரிந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என ஊர்தோறும் வேலையும் கிடைத்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை இருந்தது. காமராஜர் காலத்தில் இல்லாத பலம் இதுதான்: சாப்பிடும் பிள்ளையோடு சம்பளம் வாங்கும் பெண்ணும் திட்டத்தின் பெயரைச் சொன்னாள். திட்டத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரும் சூட்டப்பட்டது.

அடுத்து வந்த தி.மு.க. அரசுகள் அந்தப் பெயரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் வம்பு. அதற்குப் பதில் 1989இல் கருணாநிதி அரசு தட்டில் ஒரு முட்டையை வைத்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம். 2006க்குப் பின் எண்ணிக்கை படிப்படியாக ஏறி, 2010இல் வாரம் ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சோறு அ.தி.மு.க.வுக்கு, முட்டை தி.மு.க.வுக்கு என்று ஒரு பாகப்பிரிவினையே நடந்துவிட்டது எனலாம். ஜெயலலிதா அரசு பின்னர் கலவை சாதம் என்று பட்டியலை மாற்றியது. 2013இல் பள்ளிக்கு வெளியே ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகங்களைத் திறந்தது.

இதற்கிடையே போட்டியின் எல்லையையே நீதிமன்றம் மாற்றிவிட்டிருந்தது. சமைத்த மதிய உணவை எல்லா மாநிலங்களும் தர வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மதியச் சோறு கடமையான பிறகு அதைத் தருவதாகச் சொல்லி ஓட்டுக் கேட்பது கடினம். காலை நேரம்தான் காலியாக இருந்தது.

2022 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், மு.க.ஸ்டாலின் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு பட்டியல். 2023 ஆகஸ்டில் அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்த, கருணாநிதி பிறந்த திருக்குவளையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலை 15 அன்று போனது. அது காமராஜர் பிறந்தநாள்.