வெல்டிங் வைத்த பெண்

விண்வெளிக்குப் போன பெண் என்றதும் நம் மாணவிகள் சொல்லும் பெயர்களில் ஒன்று வாலண்டினா தெரஷ்கோவா. 1963இல் போனார், திரும்பினார். அவருக்குப் பிறகு இன்னொரு சோவியத் பெண் போக 19 ஆண்டுகள் ஆயின என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. அந்த இரண்டாமவர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. அவரிடம் நான் வந்துசேர்ந்தது நம் ராகேஷ் சர்மாவின் வழியாக.

1984 ஏப்ரல் 3 அன்று புறப்பட்ட ராகேஷ் சர்மா, சல்யூட்-7 நிலையத்தில் தங்கிவிட்டு 11ஆம் தேதி பூமிக்குத் திரும்பினார். இந்திரா காந்தி அவரோடு பேசியதை இன்றும் நினைவுகூர்கிறோம். மூன்றே மாதத்தில் அதே நிலையத்துக்கு சவீத்ஸ்கயா போனார். அது அவருடைய இரண்டாவது பயணம். ஜூலை 25 அன்று நிலையத்துக்கு வெளியே வந்து, 3 மணி 35 நிமிடம் இருந்தார். ‘விண்வெளியில் நடந்த முதல் பெண்’ என்று எழுதுகிறார்கள். என்னவோ காலாற உலாவப் போனதுபோல! அவர் அங்கே எலக்ட்ரான் கற்றைக் கருவியைப் பிடித்து உலோகத்தை வெட்டினார், வெல்டிங் வைத்தார், சால்டரிங் செய்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் இன்றும் ஆம்பளை வேலை என்று ஒதுக்கிவைத்திருக்கும் அதே வேலை. ஆவடி, பட்டாபிராம் பக்கமிருந்து வரும் என் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது, “கண்ணு கூசாதா மேடம்?” என்றுதான் முதலில் கேட்டார்கள். வெல்டர் வீட்டுப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான்.

1982இல் முதல்முறை போனபோது, நிலையத்தில் இருந்த வீரர் அவருக்குக் கொடுத்து வரவேற்றது ஒரு சமையல் ஏப்ரன். வந்தவர் சோதனை விமானி. 1970இல் விமான சாகசப் போட்டியில் உலகச் சாம்பியன். விளையாட்டுக்குத்தான் கொடுத்தார்கள் என்பார்கள். இருக்கட்டும். அதே விளையாட்டை ஓர் ஆணிடம் ஆடியிருப்பார்களா?

அவர் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவை அனுப்பும் திட்டமும் இருந்தது. அது கைவிடப்பட்டது. 1993இல் ஓய்வுபெற்றபோது, இரண்டு பயணங்களும் சேர்த்து அவர் விண்வெளியில் இருந்தது 20 நாள்கூட இல்லை. ரஷ்ய வீரர் ஒலெக் கொனொனென்கோவின் கணக்கு 1,111 நாள். திறமையைப் பற்றிய கணக்கு இல்லை இது. யாரை மறுபடி மறுபடி அனுப்பினார்கள் என்பதன் கணக்கு.

நம் ஊருக்கு வருவோம். ககன்யான் திட்டத்துக்காக ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டன. அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். எனக்கும் பெருமைதான். நால்வரும் ஆண்கள். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்துதான் தேர்வு என்றார்கள். அந்தப் படையில் பெண்கள் போர் விமானிகளானதே 2016இல், அதுவும் மூன்றே பேர். வாசலைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே பெண்ணே இல்லையே என்றால் எப்படி?

ஆட்களை அனுப்பும் முன் சோதனைப் பயணத்தில் அனுப்புவதற்கென்று இஸ்ரோ ஓர் இயந்திரத்தை உருவாக்கி, 2020 ஜனவரியில் பெங்களூருவில் காட்டியது. பெயர் வியோமமித்ரா. பெண் முகம், பெண் குரல். பேசும், கேட்டால் பதில் சொல்லும், கருவிகளைக் கண்காணிக்கும். தலையும் உடலும் இரண்டு கைகளும் உண்டு. கால்கள் வைக்கவில்லை.